நடந்த வழியைச் சென்சார்களால் கணிப்பது: பிழையைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிறு சோதனையிலிருந்து தொடங்கலாம். முடுக்கமானியும் (வேகம் மாறுவதை அளப்பது) கைரோவும் (சுழற்சி வேகத்தை அளப்பது) உள்ள சென்சார் ஒன்றை மேசைமீது வைத்து ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். பதிவான முடுக்கத்திலிருந்து புவியீர்ப்பைக் கழித்துவிட்டு இருமுறை தொகையிடுங்கள். சென்சார் இருந்த இடத்திலேயே கிடக்க, கணக்கு மட்டும் அது பல மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகச் சொல்லும். கணக்கில் தவறில்லை. முடுக்கமானி புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டிக் காட்டினாலே 60 விநாடியில் 17.7 மீட்டர் பிழை சேர்ந்துவிடும். பத்து நிமிடத்தில் அது ஒன்றே முக்கால் கிலோமீட்டர்.

செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாத கட்டடங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் புகை சூழ்ந்த கூடங்களிலும் ஒருவர் எங்கே நடக்கிறார் என்று அறிய, அவர் உடலில் அணிந்திருக்கும் சென்சார்களையே நம்ப வேண்டியிருக்கிறது. புறப்பட்ட இடம் தெரியும். அங்கிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். கரை தெரியாத கடலில் மாலுமிகள் போட்ட அதே கணக்கு. அவர்களுக்கு இரவில் விண்மீன்களாவது தெரிந்தன.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கும் சென்சார் பதிவுகளைக் கையாண்டு பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த சென்சார் உதவும்தான். ஆனால் எந்தச் சென்சாரை எந்த நொடியில் நம்பலாம் என்று சரியாக முடிவெடுப்பவர் மலிவான சென்சாரைக் கொண்டே நல்ல பாதையை வரைந்துவிடுவார். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த முடிவைப் பற்றியவைதான்.

படி 1: பிழை எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஓய்வில் இருக்கும்போதும் சுழியைக் காட்டாமல் சற்றே தள்ளிக் காட்டும் குணம் எல்லாச் சிறு சென்சார்களுக்கும் உண்டு. அதை இங்கே பிசகு என்று அழைக்கிறேன். முடுக்கமானியின் பிசகு, நிலையில் காலத்தின் இருமடியாக, அதாவது வர்க்கமாக, வளரும். கைரோவின் பிசகு அதைவிடக் கொடியது. சுழற்சி வேகத்தில் உள்ள சிறு பிசகு சென்சாரின் சாய்வைத் தவறாகக் கணிக்க வைக்கும். சாய்வு தவறினால் புவியீர்ப்பின் ஒரு துளி கிடைமட்ட முடுக்கமாகக் கசியும். அந்தக் கசிவு இருமுறை தொகையிடப்படும். ஆகவே பிழை காலத்தின் மும்மடியாக வளர்கிறது. மணிக்கு 10 பாகை என்பது மலிவான கைரோவுக்கு மிக நல்ல அளவு. அந்தப் பிசகுகூட ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 17 மீட்டரையும் இரண்டு நிமிடத்தில் 137 மீட்டரையும் தந்துவிடும்.

திசைப் பிழை வேறு வகை. அது சத்தமில்லாமல் வரும். தூரத்தை மிகச் சரியாக அளந்தாலும், திசையில் 2 பாகை தவறினால் 500 மீட்டர் நேர்நடையில் 17 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருப்பீர்கள். முதல் இரண்டு பிழைகளையும் அடக்க அருமையான வழி இருக்கிறது. மூன்றாவதுடன்தான் இந்தத் துறை இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

படி 2: எங்கே அணிவது

நடக்கும்போது உடலில் அடிக்கடி முழுமையாக நிற்கும் உறுப்பு பாதம் ஒன்றுதான். ஒவ்வோர் அடியிலும் அது தரையில் பதிந்து ஒரு கணம் அசையாமல் இருக்கிறது. அந்தக் கணத்தில் அதன் வேகம் சுழி என்று எந்தச் சென்சாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். இந்த ஒரு உண்மைதான் முழு முறைக்கும் அடித்தளம். எரிக் ஃபாக்ஸ்லின் 2005இல் வெளியிட்ட காலணிச் சென்சார் ஆய்வுக்குப் பிறகு இது பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

குதிகாலில் பொருத்தாதீர்கள். தரையில் மோதும் அதிர்ச்சி அங்கேதான் மிகுதி. காலணியின் நாடா கட்டும் மேற்பகுதி நல்ல இடம். சென்சார் ஆடாமல் இறுகப் பிடித்திருக்க வேண்டும். தளர்வாகத் தொங்கும் சென்சாரின் பிழையை, பிழை களையும் கணக்குமுறையான எந்த வடிகட்டியாலும் திருத்த முடியாது.

இடுப்பில் அணிந்தால் வேகம் சுழியாகும் கணம் கிடைக்காது. அடிகளை எண்ணி, அடியின் நீளத்தை ஊகிக்க வேண்டும். அதற்கான வழியைப் படி 10இல் சொல்கிறேன். மணிக்கட்டில் அணிவது கடைசித் தேர்வாக இருக்கட்டும். கை வீச்சும் கையசைவும் சேர்ந்து திசைக் கணிப்பைக் குழப்பிவிடும்.

காந்தப்புலத்தை அளந்து திசை காட்டும் காந்தமானிக்கு மட்டும் பாதம் மோசமான இடம். தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளுக்கும் தரைக்கடியில் ஓடும் மின்கம்பிகளுக்கும் அது மிக அருகில் இருக்கிறது. முடிந்தால் தூரத்தைப் பாதத்திலும் காந்தத்தை இடுப்பிலோ மார்பிலோ அளவிடுங்கள். பாதத்தின் கணக்கு நடந்த திசையைத் தருகிறது. மார்பின் காந்தமானி உடல் நோக்கும் திசையைத் தருகிறது. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய மாறாத ஒரு கோணம் இருக்கும். அதை நேராக நடக்கும் பகுதிகளில் கணித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பதிவைச் சரியாக எடுங்கள்

பாதத்துக்கு விநாடிக்கு 200 அளவீடுகளாவது வேண்டும். முடுக்கமானியின் வீச்சு புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு, கைரோவின் வீச்சு விநாடிக்கு 2000 பாகை என்று வையுங்கள். குறைந்த வீச்சில் துல்லியம் கூடும் என்று ஆசைப்பட்டால், பாதம் மோதும் கணத்தில் அளவு உச்சியில் முட்டி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முடுக்கம் என்பது தொலைந்துபோன வேகம். பதிவில் உச்ச அளவைத் தொட்டு நிற்கும் புள்ளிகள் இருக்கின்றனவா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது நேரமுத்திரை. இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான காலத்தை மாறிலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்சாரே குறித்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். கம்பியில்லா இணைப்பில் விடுபட்ட அளவீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள்.

கடைசியாக, அச்சுகள். ஒரே சில்லுக்குள் இருந்தாலும் காந்தமானியின் அச்சுகள் மற்ற இரண்டோடு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த எம்பியு-9250 சில்லில் காந்தமானியின் முதல் இரண்டு அச்சுகள் இடம் மாறியும் மூன்றாவது தலைகீழாகவும் இருக்கும். இதைக் கவனிக்காமல் வடிகட்டியின் மாறிலிகளோடு மாதக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு. நானும் ஒரு வாரம் போராடியிருக்கிறேன்.

படி 4: அளவுத்திருத்தம்

முடுக்கமானிக்கு ஆறு முகச் சோதனை போதும். ஒவ்வோர் அச்சையும் நேர் மேலாகவும் நேர் கீழாகவும் வைத்துச் சில விநாடிகள் பதியுங்கள். இரண்டு அளவுகளின் சராசரி பிசகு. அவற்றின் வித்தியாசத்தில் பாதியைப் புவியீர்ப்பால் வகுத்தால் அளவுக்காரணி. புவியீர்ப்பு எங்கும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் 9.78 மீ/வி², துருவத்தில் 9.83 மீ/வி². நீங்கள் இருக்கும் அட்சரேகைக்கான மதிப்பை இடுங்கள்.

கைரோவின் பிசகு வெப்பத்தோடு மாறும். எனவே சென்சாரை இயக்கிச் சில நிமிடங்கள் சூடேற விட்டு, ஒவ்வொரு நடைக்கும் முன் 10 முதல் 20 விநாடி அசையாமல் நின்று சராசரி எடுத்துக் கழியுங்கள். நேற்று எடுத்த பிசகு இன்றைக்கு உதவாது. அளவுக்காரணிக்கு, சென்சாரை ஒரு நேர்விளிம்பில் ஒட்டிவைத்துப் பத்து முழுச் சுற்றுச் சுற்றி மீண்டும் அதே விளிம்பில் வையுங்கள். 3600 பாகைக்குப் பதிலாக 3564 வந்தால் ஒரு சதவீதம் குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். அதாவது ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திலும் 0.9 பாகை நழுவும்.

காந்தமானிக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். இரண்டு வகைக் கெடுதல்கள் உண்டு. அருகில் உள்ள நிலைக்காந்தங்களும் காந்தமேறிய இரும்பும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவைக் கூட்டுகின்றன. காந்தமேறாத மெல்லிரும்பு புலத்தை ஒரு பக்கம் இழுத்தும் மறுபக்கம் நசுக்கியும் வைக்கிறது. தூய்மையான இடத்தில் சென்சாரை எல்லாத் திசைகளிலும் சுழற்றினால் அளவீடுகள் மையம் பிசகாத ஒரு கோளத்தின்மேல் விழ வேண்டும். உண்மையில் மையம் நகர்ந்து, முட்டைபோல் நசுங்கிய வடிவம் கிடைக்கும். அந்த வடிவத்தைப் பொருத்தி, அதை மீண்டும் கோளமாக்கும் நகர்வையும் அணியையும் கண்டுபிடிப்பதுதான் அளவுத்திருத்தம்.

இதைச் செய்யும்போது சென்சார் அணியும் இடத்திலேயே, அணியும் நிலையிலேயே இருக்க வேண்டும். மின்கலம், கொக்கி, கைபேசி என எல்லாம் நடக்கும்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். தனிச் சென்சாரைக் கையில் பிடித்து அழகான கோளம் எடுத்துவிட்டு, பிறகு உள்ளே எஃகுத் தகடு வைத்த காலணியில் அதைக் கட்டிக்கொண்டு போய், வடக்கு எப்படி இவ்வளவு தள்ளிப்போனது என்று குழம்பிய அனுபவம் எனக்கு உண்டு. மின்கலத்திலிருந்து மின்னோட்டம் ஏறியிறங்கும்போது காந்த அளவு மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் கம்பிகளை முறுக்கி, சென்சாரிலிருந்து தள்ளி வையுங்கள்.

படி 5: பாதம் நிற்கும் கணத்தைக் கண்டுபிடியுங்கள்

பாதம் நிற்கிறதா என்பதை முடுக்கத்தைக் கொண்டும் சுழற்சியைக் கொண்டும் சோதிக்கலாம். முடுக்கத்தின் மொத்த அளவு புவியீர்ப்புக்கு அருகில் இருக்கிறதா, சிறு காலச்சாளரத்துக்குள் அது அதிகம் மாறாமல் இருக்கிறதா, சுழற்சி வேகம் சுழிக்கு அருகில் இருக்கிறதா என்பவை வழக்கமான கேள்விகள். ஐசக் ஸ்கோக் குழுவினர் 2010இல் இந்தச் சோதனைகளை ஒப்பிட்டு, பாதம் நிற்பதைச் சொல்வதில் கைரோவின் சமிக்ஞையே மிக நம்பகமானது என்று காட்டினார்கள். முடுக்கத்தை மட்டும் நம்பினால், காற்றில் சீரான வேகத்தில் போகும் பாதத்தையும் நிற்பதாகக் கருதிவிடும் ஆபத்து உண்டு.

நடைமுறையில் நான் செய்வது இது. ஏறக்குறைய 50 மில்லிவிநாடிச் சாளரத்துக்குள், முடுக்கம் புவியீர்ப்பிலிருந்து விலகிய அளவின் இருமடியையும் சுழற்சி வேகத்தின் இருமடியையும் அந்தந்தச் சென்சாரின் இரைச்சலின் இருமடியால் வகுத்துக் கூட்டுவேன். கூட்டுத்தொகை ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் பாதம் நிற்கிறது. வரம்பை எப்படி வைப்பது? ஒரு நடையின் கூட்டுத்தொகையை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ஆழமான பள்ளங்களும் உயரமான மேடுகளும் தெளிவாகத் தெரியும். வரம்புக் கோடு பள்ளத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

இரண்டு தவறுகளில் எது மேல் என்ற கேள்வி இங்கே வரும். நின்ற கணத்தைத் தவறவிட்டால் ஓர் அடிக்குக் கூடுதல் பிழை சேரும், அடுத்த அடியில் பெரும்பாலும் சரியாகிவிடும். நகரும் பாதத்தை நிற்பதாகச் சொல்லிவிட்டால் உண்மையான வேகத்தைத் துடைத்தெறிந்துவிடுகிறோம். நடந்த தூரமே சுருங்கும். அதனால் சந்தேகம் வந்தால் திருத்தாமல் விடுங்கள். ஆனால் ஓட்டத்துக்கு இந்தக் கண்டிப்பு பொருந்தாது. ஓடும்போது பாதம் தரையில் இருக்கும் நேரம் குறுகி, அசையாத நிலை சரியாக அமைவதில்லை. நடைக்கு வைத்த வரம்பு ஓட்டத்தில் ஒரு கணத்தைக்கூடப் பிடிக்காமல் போகலாம். முதலில் நடையா, ஓட்டமா, படியேற்றமா என்று கண்டறிந்து வரம்பை மாற்றுங்கள்.

இந்த முறைக்குக் கண் தெரியாத ஓர் இடமும் உண்டு. நகரும் படிக்கட்டில் நின்றுகொண்டிருப்பவரின் பாதம் அசையாது. சீரான வேகத்தில் போவதால் முடுக்கமும் மாறாது. சென்சாருக்கு அவர் தரையில் நிற்பதாகவே தெரியும். மின்தூக்கியிலும் இதே கதைதான். அங்கே காற்றழுத்தம் மாறிக்கொண்டே போவது ஒன்றே துப்பு.

படி 6: வேகத்தைச் சுழியாக்குவதோடு நிறுத்தாதீர்கள்

பாதம் நின்றதும் வேகத்தைச் சுழி என்று எழுதிவிட்டு மேலே போவது எளிய வழி. முன்னேற்றமும் தெரியும். பாதம் காற்றில் வீசும் ஒரு வீச்சுக்கு ஏறக்குறைய 0.6 விநாடிதான் என்பதால் முதல் பத்தியில் சொன்ன பிசகு ஓர் அடிக்கு 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகிவிடும். ஆனாலும் அதில் ஒரு வீணடிப்பு இருக்கிறது. பாதம் நின்றபோது கணக்கில் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகம் மிச்சமிருந்தால், அந்த வேகம் திடீரென்று அந்தக் கணத்தில் முளைக்கவில்லை. வீச்சு முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. அதே காலத்தில் நிலையிலும் பிழை சேர்ந்திருக்கும். சாய்வு தவறியதால்தான் அது வந்திருக்கவும் கூடும்.

இந்த உறவுகளை நினைவில் வைத்திருப்பதற்குத்தான் கால்மன் வடிகட்டி: கணிப்பையும் அளவீட்டையும் அவற்றின் நம்பகத்துக்கேற்பக் கலக்கும் கணக்குமுறை. நிலைப்பிழை, வேகப்பிழை, சாய்வு-திசைப் பிழை ஆகிய மூன்றுக்கும் மும்மூன்று என ஒன்பது மாறிகள். பிசகுகளையும் சேர்த்தால் பதினைந்து. எந்தப் பிழை எதோடு சேர்ந்து வளர்கிறது என்பதை உடன்மாறுபாட்டு அணி குறித்துவைக்கிறது. வேகம் சுழி என்று ஒரு சொல் சொன்னதும் அது நிலையையும் சாய்வையும் கைரோவின் கிடைமட்டப் பிசகுகளையும் சேர்த்தே திருத்துகிறது.

சுழி வேகத்தை முழு உண்மையாகக் கருதாதீர்கள். பாதம் தரையில் இருக்கும்போதும் மெல்ல உருளும், காலணி நெகிழும். விநாடிக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர் திட்ட விலக்கம் கொடுங்கள். மிகச் சிறிய எண்ணைக் கொடுத்தால் வடிகட்டி தன்னம்பிக்கை முற்றிப்போய், பிறகு எந்தத் திருத்தத்தையும் ஏற்காது.

நடப்பவர் இடையில் முழுமையாக நின்றுவிட்டால், ஓரிரு விநாடி அசைவில்லை என்று உறுதியானபின், கைரோவின் அளவு முழுவதும் பிசகே என்று வடிகட்டிக்குச் சொல்லலாம். நடையின் நடுவே வரும் குறுகிய நிறுத்தங்களில் இதைச் செய்ய வேண்டாம். அப்போது பாதம் சிறிதளவு சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

இவ்வளவும் செய்தபிறகு ஒரு பிழை அப்படியே நிற்கும். நடந்த பாதை முழுவதையும் செங்குத்து அச்சைச் சுற்றித் திருப்பி வைத்தாலும் ஒவ்வோர் அடியிலும் வேகம் சுழியாகவே இருக்கும். ஆகவே சுழி வேகத்தைக் கொண்டு திசையைக் கண்டுபிடிக்கவே முடியாது. செங்குத்து அச்சைச் சுற்றிய கைரோ பிசகும் இதில் தப்பித்துக்கொள்ளும். விநாடிக்கு 0.01 பாகைப் பிசகு மிச்சமிருந்தால் பத்து நிமிடத்தில் 6 பாகை.

படி 7: காந்தமானியை விசாரித்த பிறகே நம்புங்கள்

திசைக்குப் புவிகாந்தப்புலம் இருக்கிறதே என்று தோன்றும். அதன் வலிமை இடத்துக்கு இடம் ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. அதிலும் திசை காட்டுவது கிடைமட்டப் பகுதி மட்டுமே. அந்தப் பகுதி 40 மைக்ரோடெஸ்லா உள்ள இடத்தில், இரும்புக் கதவொன்று பக்கவாட்டில் 5 மைக்ரோடெஸ்லா சேர்த்தால் திசை 7 பாகை புரளும். துருவத்தை நெருங்கி அது 15 ஆகக் குறைந்த இடத்தில் அதே கதவு 18 பாகை புரட்டும். சாய்வுக் கணிப்பில் உள்ள பிழையும் இங்கே பெருகும். காந்தச் சரிவு (புலம் கிடைமட்டத்தோடு செய்யும் கோணம்) 60 பாகையாக உள்ள இடத்தில் 1 பாகை சாய்வுப் பிழை 1.7 பாகை திசைப் பிழையாகலாம்.

காந்தமானியை ஒரு நிலையான எடையோடு கைரோவுடன் கலப்பதுதான் தொடக்கக்காரர்களின் வழக்கமான தவறு. அப்படிக் கலந்தால் நல்ல இடத்தில் கிடைத்த நன்மையைக் கெட்ட இடம் விழுங்கிவிடும். அதற்கு மாறாக, ஒவ்வோர் அளவீட்டையும் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.

முதல் கேள்வி வலிமை பற்றியது. அளவுத்திருத்தம் செய்த தூய்மையான இடத்தில் கிடைத்த மொத்த வலிமையிலிருந்து இப்போதைய வலிமை எவ்வளவு விலகியிருக்கிறது? இரண்டாவது, காந்தச் சரிவு எதிர்பார்த்த கோணத்தில் இருக்கிறதா? வலிமை சரியாக இருந்தும் திசை கெட்டிருக்கும் சூழ்நிலைகளை இது பிடித்துவிடும். இரண்டுக்கும் எதிர்பார்ப்பு மதிப்புகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் உலகக் காந்த மாதிரியிலிருந்து எடுக்கலாம். நடப்புப் பதிப்பு 2025ஆம் ஆண்டுக்கானது. உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான காந்த ஒதுக்கமும் அதிலேயே கிடைக்கும். வரைபடத்தின்மேல் பாதையைப் பொருத்த அது வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் கூர்மையானது. கடந்த சில விநாடிகளில் கைரோ சொன்ன திருப்பமும் காந்தமானி சொன்ன திருப்பமும் ஒத்துப்போகின்றனவா? சில விநாடிகளுக்குக் கைரோ மிக நேர்மையானது. அது திரும்பவில்லை என்று சொல்லும்போது காந்தமானி 10 பாகை திரும்பினேன் என்றால், பொய் சொல்வது காந்தமானிதான். வடிகட்டியின் மொழியில், எதிர்பார்ப்புக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தின் இருமடியை அதன் மாறுபாட்டால் வகுத்து 3.84ஐத் தாண்டினால் தள்ளிவிடுங்கள். இது ஒரு மாறிக்கான 95 சதவீத வரம்பு.

ஒரு எச்சரிக்கை. நீண்ட நேரம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே இருந்தால், ஒருவேளை கைரோவின் திசைதான் கெட்டுப்போயிருக்கலாம். தொடர்ந்து நெடுந்தூரம் நடந்தும் காந்தமானி தனக்குள் முரண்படாமல் ஒரே வித்தியாசத்தைச் சொன்னால், திசையின் நிச்சயமின்மையைப் பெருக்கி மறுபடி அதை உள்ளே விடுங்கள்.

கட்டடத்துக்குள் தூய்மையான புலமே கிடைக்காமல் போகலாம். அதற்கும் ஒரு நயமான வழி இருக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஃப்சல், ரெனோடான், லாஷாபெல் ஆகியோர் 2011இல் முன்வைத்தது. புலம் கெட்டிருக்கலாம், ஆனால் சில நொடிகளுக்கு அது மாறாமல் இருந்தால் போதும். வடக்கு எது என்று அந்தப் புலத்தால் சொல்ல முடியாது. ஆனால் நாம் எவ்வளவு திரும்பினோம் என்று சொல்ல முடியும். தரையோடு ஒப்பிட்டு மாறாத ஒரு புலம், சென்சாரின் பார்வையில் சுழன்றால் அது சென்சாரின் சுழற்சியே. அதைக் கைரோவோடு ஒப்பிட்டுப் பிசகைப் பிடித்துவிடலாம். கெட்ட புலத்திலிருந்தும் பிழிந்தெடுக்கக்கூடிய ஒரு நல்ல செய்தி இது.

படி 8: கட்டடத்தின் வடிவத்தைப் பயன்படுத்துங்கள், அளவோடு

பெரும்பாலான கட்டடங்களில் நடைவழிகள் நேராகவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோஹான் பொரென்ஸ்டைன் இதைப் பயன்படுத்தினார். நடப்பவரின் திசை கட்டடத்தின் முதன்மைத் திசை ஒன்றுக்கு அருகில் இருந்தால், கைரோவின் பிசகை மெல்ல அந்தப் பக்கம் தள்ளுவார். மெல்ல என்பது முக்கியம். வளைந்த நடைவழியிலும் திறந்த கூடத்தில் குறுக்கே நடப்பவரிடமும் இதே விதி பொய்த்திருத்தமாகிவிடும். கடைசி ஐந்தாறு அடிகள் நேர்கோட்டில் இருந்தால் மட்டும் இதை இயக்குங்கள்.

தளவரைபடம் இருந்தால் துகள் வடிகட்டி இன்னும் வலிமையானது. ஆயிரக்கணக்கான ஊகப் பாதைகளை ஓடவிட்டு, சுவரை ஊடுருவிப் போனவற்றைக் கொன்றுவிட வேண்டும். தப்பிப் பிழைத்தவை திசையையும் அடி நீளத்தையும் சேர்த்தே திருத்தித் தரும். வரைபடமே இல்லாதபோது, நடந்த வழிகளைத் திரும்பத் திரும்ப நடப்பதிலிருந்தே வரைபடத்தை உருவாக்கும் முறையை ஜெர்மானிய விண்வெளி மையத்தினர் 2009இல் காட்டினார்கள்.

இரண்டு பாதங்களிலும் சென்சார் கட்டினால் கூடுதல் பலன் கிடைக்கும். இடது பாதத்தின் கணிப்பும் வலது பாதத்தின் கணிப்பும் பெரும்பாலும் எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் ஓர் அடியின் நீளத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டால், ஒன்றின் ஒதுங்கலை மற்றது ஈடுகட்டும்.

படி 9: உயரம்

உயரத்துக்குக் காற்றழுத்தமானியே போதும். கடல்மட்டத்தருகே ஒரு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 12 பாஸ்கல் குறையும். கதவு திறப்பதும் காற்றோட்டமும் அளவை ஆட்டும் என்பதால் தனி எண்ணை நம்பாமல், எந்தத் தளம் என்ற முடிவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 10: இடுப்பில் மட்டும் அணிய முடியுமென்றால்

செங்குத்து முடுக்கத்தை 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டி, உச்சிகளை எண்ணுங்கள். இரண்டு உச்சிகளுக்கு இடையே 0.3 விநாடியாவது இருக்க வேண்டும் என்ற விதி போலி அடிகளைத் தள்ளிவிடும். அடி நீளத்துக்கு வைன்பெர்க் 2002இல் தந்த எளிய வாய்பாடு இன்னும் நன்றாக வேலை செய்கிறது: ஓர் அடியில் உயர்ந்த முடுக்கத்துக்கும் தாழ்ந்த முடுக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் நான்காம் மூலத்தை ஒரு மாறிலியால் பெருக்குங்கள். அந்த மாறிலி ஆளுக்கு ஆள் மாறும். அளந்து வைத்த 50 மீட்டரை மெதுவாகவும் இயல்பாகவும் வேகமாகவும் நடந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். பக்கவாட்டு நடையிலும் பின்னோக்கிய நடையிலும் இந்த முறை தோற்கும். உடலின் திசையே நடையின் திசை என்று அது எடுத்துக்கொள்கிறது.

நரம்பு வலைகளைக் கொண்டு வேகத்தை நேரடியாகக் கணிக்கும் முறைகளும் அண்மை ஆண்டுகளில் வளர்ந்துள்ளன. கைபேசியைப் பையில் போட்டபடி நடப்பவருக்கு அவை நல்ல பலன் தருகின்றன. பயிற்சித் தரவில் இல்லாத நடைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், தனியே நம்பாமல் வடிகட்டிக்கு ஓர் அளவீடாகக் கொடுக்கவே நான் விரும்புவேன்.

படி 11: உங்களையே ஏமாற்றிக்கொள்ளாத சோதனை

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, கணக்கும் அங்கேயே முடிகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் சோதனை. நல்ல சோதனைதான், ஆனால் அரைகுறை. அடி நீளத்தை 10 சதவீதம் தவறாகக் கணித்தாலும் மூடிய பாதை மூடியேதான் இருக்கும், அளவு மட்டும் மாறும். தொடக்கத் திசை 30 பாகை தவறினாலும் மூடிய பாதை அப்படியே திரும்பி மூடும். ஆகவே தொடக்கமும் முடிவும் ஒன்றாகும் நடையில் உங்கள் பெரிய பிழைகள் இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

கைரோவின் அளவுக்காரணியும் இப்படித்தான். எட்டு வடிவில் நடந்தால் இடத் திருப்பமும் வலத் திருப்பமும் ஈடுகட்டிக்கொள்ளும். ஒரே பக்கமாகப் பத்துச் சுற்று நடந்து, பிறகு எதிர்ப்பக்கம் பத்துச் சுற்று நடங்கள். இரண்டு நடையிலும் திசை ஒரே பக்கம் ஒதுங்கினால் அது பிசகு. சுற்றின் பக்கத்தோடு ஒதுங்கலும் பக்கம் மாறினால் அது அளவுக்காரணி.

வழியில் நாடா வைத்து அளந்த குறிகள் குறைந்தது பத்து வையுங்கள். ஒவ்வொன்றின்மேலும் கால் வைக்கும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பதியுங்கள். பிழையைக் கடைசிப் புள்ளியில் மட்டும் பார்க்காமல் எல்லாக் குறிகளிலும் பாருங்கள். நடந்த தூரத்துக்கு எத்தனை சதவீதம், நிமிடத்துக்கு எத்தனை பாகை என்று தூரத்தையும் திசையையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். இரண்டையும் ஒரே எண்ணாக்கினால் எதைத் திருத்துவது என்று தெரியாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மாற்றங்களைப் புதிய நடையில் சோதிக்காமல், பழைய மூலப் பதிவுகள் எல்லாவற்றிலும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதற்காகவே வடிகட்டிய பாதையை மட்டும் சேமிக்காமல், சென்சார் தந்த எண்களை நேரமுத்திரையோடு அப்படியே வைத்திருக்க வேண்டும். வரம்புகள் எல்லாம் ஒருவழியாகப் படிந்தபிறகு, உங்களைவிட உயரமான, வேறு காலணி அணிந்த, சற்று இழுத்து நடக்கும் ஒருவரின் காலில் சென்சாரைக் கட்டி, எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். படி 5இல் வைத்த வரம்புக்கோடு அவரது பள்ளங்களையும் பிடிக்கிறதா என்று அப்போது தெரியும்.